இருபது தெத்ரி

எங்கள் லிஃப்ட் காசு தின்னும்.
இருபது தெத்ரி விழுந்தால்தான்
ஒன்பதாம் மாடியை விட்டு அசையும்.
இதை எட்டு வாரக் குட்டிக்கு
எந்த மொழியில் சொல்வது?

துரா என்று பெயர் வைத்தேன்.
எங்கள் பேச்சில் குள்ளநரி.
வந்த முதல் இரவு
அடுப்படியில் ஒன்று,
கூடத்தில் இரண்டு,
ஓதாரியின் செருப்புக்குள் ஒன்று,
ஒரு சொட்டு வெளியே சிந்தாமல்.

ஓதாரி போலந்தில் இருக்கிறான், இறைச்சித் தொழிற்சாலையில்.
நாய் வந்தது அவனுக்குத் தெரியாது.
வீடியோவில் பேசும்போது
முகத்தைத் திரை முழுக்க வைத்துக்கொள்கிறேன்.
கை நழுவிய ஒரு நொடியில் கேட்டுவிட்டான்:
'தரையெல்லாம் என்ன பேப்பர்?'
'சுவருக்கு வர்ணம் பூசுகிறேன்.'
'என்ன நிறம்?'
அந்த நேரம் பார்த்து
ஏதோ ஓர் அமைச்சர் நாடா வெட்டும் படத்தின் மேல்
வெதுவெதுப்பாய் ஒரு குளம் பரவியது.
'மஞ்சள்' என்றேன்.

தூங்கி எழுந்ததும் கீழே கொண்டுபோங்கள்,
தின்றதும் கொண்டுபோங்கள்,
விளையாடியதும் கொண்டுபோங்கள்,
திட்டாதீர்கள், மூக்கைப் பிடித்துத் தேய்க்காதீர்கள்,
சரியாகப் போனால் கொண்டாடுங்கள்
என்றான் கால்நடை மருத்துவர் பையன்.
இவள் தூங்குவாள், தின்பாள், விளையாடுவாள்.
நடுவில் வேறொன்றும் செய்ய மாட்டாளே!

மருந்துக்கடைக் கல்லாவில் நோட்டைக் கொடுத்துச்
சில்லறை மாற்றுகிறேன் தினமும்.
எதற்கு என்றார் முதலாளி.
மூத்திரத்துக்கு என்றேன்.
அப்புறம் அவர் கேட்கவில்லை.
வாசல் பக்கம் ஊறுகாய்ப் பாட்டில் நிறையக் காசு.

கீழே பனி.
துருப்பிடித்த காரேஜ் கதவை முகர்வாள்,
நின்ற காரின் நான்கு டயரையும் முகர்வாள்,
உறைந்துபோன சிகரெட் துண்டோடு
வெகுநேரம் யோசிப்பாள்.
என் கால்விரல்கள் செத்தபின்
சரி வா என்று தூக்கி வந்து
இன்னொரு இருபது தெத்ரி போட்டால்
ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில்
குந்துவாள்,
என் கண்ணையே பார்த்துக்கொண்டு.

வினிகரும் துணியுமாய் நான் மண்டியிட்டிருக்க
ஏழாம் மாடியில் கதவு திறந்தது.
அவ்தந்தில் தொப்பியைத் தொட்டுக்கொண்டு
'நான் நடந்தே இறங்குகிறேன்' என்றார்.
மறுநாள் லிஃப்டுக்குள் ஒரு தாள்:
நாய்க்குத் தனிக் கட்டணம் உண்டா?
அடியில் எழுதி வைத்தேன்:
இன்னும் பள்ளியில் சேரவில்லை, அரை டிக்கெட்.

இரவு இரண்டு மணி. நாலேகால்.
ஓதாரி போன அக்டோபரிலிருந்து
என்னை எழுப்ப இந்த வீட்டில் ஆளில்லை.
இப்போது எழுந்திருப்பதே வேலை.
வைதுகொண்டே செருப்பைத் தேடுகிறேன்,
வைவதற்கு ஆள் இருப்பது
அப்படியொன்றும் மோசமில்லை.

நேற்று நாலேகாலுக்கு ஒரு புதுச் சத்தம்.
போய்ப் பார்த்தால்
பேப்பர் காய்ந்து கிடக்கிறது,
இவள் கதவடியில் நிற்கிறாள்,
ஒரு முன்னங்கால் கதவின் மேல்.
ஊறுகாய்ப் பாட்டில் காலி.
கோட்டுப் பையைக் கவிழ்த்தேன்,
கிறிஸ்துமஸுக்கு வந்த ஓதாரி விட்டுப்போன
இரண்டு போலந்துக் காசு.
லிஃப்ட் தின்று பார்த்துத் துப்பியது.

அள்ளிக்கொண்டு ஓடினேன்,
இரவு உடுப்பின் மேல் கோட்டு,
ஒன்பது, எட்டு, ஏழு,
உள்ளங்கையில் அவள் வயிறு
பறை மாதிரி இறுகி.
பொறு பொறு பொறு.
நாலாம் மாடியில் விளக்கில்லை.
பொறு.

பனியில் விட்டேன்.
மூன்று சுற்று சுற்றிவிட்டுக் குந்தினாள்.
ஆவி எழுந்தது.
கொண்டாடச் சொன்னானே பையன்,
கத்தினேன், கைதட்டினேன்,
என் தங்கமே என் ராஜாத்தி என்று
கட்டடம் முழுக்கக் கேட்கும்படி.
ஏழாம் மாடி ஜன்னல் திறந்தது.
'ஆயிற்றா?'
'ஆயிற்று!'
'கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.'
ஜன்னல் மூடியது.

ஏறும்போதுதான் நினைவு வந்தது, காசில்லை.
ஆறாம் மாடிப் படியில் உட்கார்ந்து
ஓதாரியைக் கூப்பிட்டேன். இரவு ஷிஃப்ட், இடைவேளை.
'உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும்.'
பின்னால் இயந்திரங்கள் இரைந்தன.
'காய்ந்துவிட்டதா?' என்றான்.
'எது?'
'மஞ்சள்.'

கோட்டுக்குள் துரா குறட்டை விடுகிறாள்.
இன்னும் மூன்று மாடி.